மானுவல் ஃபிரடெரிக்: கணக்கில் வராத கோல்கீப்பர்

2025 அக்டோபர் 31 அன்று மானுவல் ஃபிரடெரிக் பெங்களூருவில் காலமானபோது அவருக்கு வயது 78. மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பர், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலையாளி, 2019இல் தியான் சந்த் விருது பெற்றவர். மறுநாள் இரங்கல் செய்திகளில் இந்த மூன்றும் வந்தன. கூடவே ஓர் எண்ணும் வந்தது: டைபிரேக்கர் வரை போன 16 தேசிய அளவிலான போட்டிகளை அவர் வென்று கொடுத்தார் என்பது. எந்தப் போட்டிகள், எந்த ஆண்டுகள், எதிரணி யார், எத்தனை பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்தார் என்ற பட்டியல் அந்த எண்ணோடு வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் கோல் வாயிலில் நின்ற ஒருவரின் உழைப்பெல்லாம் சுருங்கிக் கடைசியில் மிஞ்சியது அந்த ஓர் எண்தான்.

உலகம் கோல்கீப்பரை எப்போதும் இப்படி நடத்துவதில்லை. வட அமெரிக்கத் தொழில்முறைப் பனிக்கட்டி ஹாக்கியைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 22 அன்று டொரான்டோவில் நடந்த ஆட்டத்தில் கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் காயமடைந்தார்கள். பனித்தளத்தைச் சமன் செய்யும் வண்டியை ஓட்டிவந்த, அப்போது 42 வயதான டேவிட் ஏர்ஸ் அவசரத்துக்குக் களத்தில் இறங்கினார். அவர் வாழ்க்கையில் அந்த லீக்கில் ஆடியது அந்த ஓர் ஆட்டம் மட்டுமே. ஆனாலும் அவரை நோக்கி வந்த அடிகள் 10, தடுத்தவை 8, கரோலினா 6-3 என்று வென்றது என எல்லாம் நிரந்தரப் பதிவில் இருக்கின்றன. அந்த விளையாட்டில் தடுப்பு என்பது கோலைப் போலவே எண்ணப்படும் ஒரு செயல். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை 1920களிலேயே அவர்கள் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஹாக்கியின் போட்டித் தாளில் கோல் அடித்தவர் பெயர் இருக்கும், நிமிடம் இருக்கும், பெனால்டி கார்னர் எண்ணிக்கை இருக்கும். விழாத கோலுக்கு அங்கே கட்டம் கிடையாது. மானுவலின் ஆட்ட வாழ்க்கையை ஆராயப் புகுகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். அவரை மறந்துவிட்டோம் என்று வருந்துகிறவர்கள், அவரை நினைவில் வைக்க வேண்டிய ஏடுகளை எவருமே எழுதவில்லை என்பதையும் சேர்த்தே வருந்த வேண்டும்.

மானுவல் 1947 அக்டோபர் 20 அன்று கண்ணூரின் பர்ணச்சேரியில் பிறந்தார். கேரளத்தின் ஒரே கன்டோன்மென்ட் கண்ணூர்தான். ராணுவ மைதானங்களும் பள்ளி மைதானங்களும் அடுத்தடுத்துக் கிடந்த ஊர். மலபார்ப் பையன்கள் எல்லோரையும் போல அவரும் முதலில் கால்பந்துதான் ஆடினார். புனித மைக்கேல் பள்ளி அவருடைய பள்ளி. 15 வயதில் ராணுவத்தில் சேர்ந்து பெங்களூரு வந்தார். ஆர்மி சர்வீஸ் கோர் என்ற ஏ.எஸ்.சி. பிரிவில்தான் ஹாக்கி அவரைப் பிடித்துக்கொண்டது. கோல்கீப்பிங் கற்கத் தொடங்கியபோது அவருக்குப் பதினேழு வயது இருக்கும். சர்வதேசக் கோல்கீப்பர் ஒருவருக்கு அது மிகவும் தாமதமான தொடக்கம். ஆனால் அந்தக் கால ஹாக்கியில் கால்பந்து ஆடிப் பழகிய கால்களுக்குத் தனி மதிப்பு இருந்தது என்பது என் எண்ணம். புல்தரையில் மேடு பள்ளங்களில் துள்ளி வரும் பந்தைக் காலால் அடக்கி, அடுத்த நொடியே உதைத்து வெளியே தள்ள வேண்டும். இன்றைய நுரைக் காப்புகளில் பட்ட பந்து தானே தெறித்து ஓடிவிடுகிறது. அன்றைய காப்பில் பட்டால் காலடியிலேயே விழுந்து கிடக்கும், எதிரணி முன்வரிசை அதற்காகவே காத்திருக்கும்.

பெங்களூருவில் அவர் வந்து சேர்ந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர் இல்லாமல் இந்த வாழ்க்கை இல்லை. 1799இல் திப்பு வீழ்ந்தபின் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து நகர்ந்து, 1809இல் பெங்களூரு கன்டோன்மென்ட் உருவானது. அதைச் சுற்றி வளர்ந்த அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் வீரர்களைத் ‘தம்பி’ என்றே ராணுவம் அழைக்கிறது. ஹாக்கி இந்த ஊருக்குப் படைமுகாம் வழியாக வந்தது. வந்தபின் அதைத் தாங்கிப் பிடித்தவை இரண்டு: ஒன்று ராணுவப் பிரிவுகள், இன்னொன்று சுதந்திரத்துக்குப் பின் வளர்ந்த பொதுத்துறை நிறுவனங்கள். ஏ.எஸ்.சி., எம்.இ.ஜி., எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., கனரா வங்கி என ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. இவை ஒன்றோடொன்று மோதும் உள்ளூர் லீக்கே ஒரு பள்ளிக்கூடம். மேற்கே குடகிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1973 உலகக் கோப்பையில் இந்திய அணித் தலைவராக இருந்த எம்.பி. கணேஷ் குடகர், ஏ.எஸ்.சி.யில் ஆடியவர். மியூனிக்கில் ஆடிய பி.பி. கோவிந்தாவும் குடகர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கோல் காத்த ஏ.பி. சுப்பையாவும் குடகர்.

தொழில்முறை ஆட்டம் என்ற ஒன்று அந்தக் காலத்தில் இங்கே இல்லை. ஆட்டம்தான் வேலையை வாங்கிக் கொடுத்தது, வேலைதான் ஆட்டத்தைத் தொடர வைத்தது. மானுவல் ஏ.எஸ்.சி., முப்படைகளின் அணியான சர்வீசஸ், எச்.ஏ.எல்., உத்தரப் பிரதேசம், கல்கத்தாவின் மோகன் பகான் ஆகிய அணிகளுக்கு ஆடினார். கண்ணூரில் பிறந்த ஒருவர் உத்தரப் பிரதேசத்துக்காகவும் வங்காளத்துக் கிளப்புக்காகவும் கோல் காத்திருக்கிறார் என்றால், நல்ல கோல்கீப்பர் எங்கே கிடைப்பார் என்று நாடு முழுக்கத் தேடினார்கள் என்று பொருள். சம்பளம் என்னவோ மாதச் சம்பளம்தான். 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் அயர்லாந்துக் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டைத் தமிழ்நாடு டிராகன்ஸ் 32 லட்ச ரூபாய்க்கு எடுத்தது. ஒரு கோல்கீப்பருக்கு இந்த விலை வந்தது எனக்கு மகிழ்ச்சிதான். அரை நூற்றாண்டுக்கு முன் இதே வேலையைச் செய்தவர்களின் நிலையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலை என்னவென்று இப்போது பார்ப்போம். ஹாக்கி கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பனிக்கட்டி ஹாக்கியின் கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம்தான். அதாவது புல்தரைக் கோல்கீப்பர் காக்க வேண்டிய பரப்பு மூன்றரை மடங்கு பெரிது. பந்தின் எடை 156 முதல் 163 கிராம், பனிக்கட்டி ஹாக்கியின் வட்டும் ஏறத்தாழ இதே எடை. பனிக்கட்டிக் கோல்கீப்பர்களே நெடுங்காலம் முகமூடியில்லாமல் ஆடியவர்கள்தான். 1959 நவம்பர் 1 அன்று முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட ஜாக் பிளான்ட், முகமூடி இல்லாமல் திரும்ப வரமாட்டேன் என்று அடம்பிடித்து அதை அணிந்து ஆடியபின்தான் வழக்கம் மாறியது. மானுவல் ஆடிய 1970களில் நம் கோல்கீப்பர்களுக்குத் தலைக்கவசம் கிடையாது. பஞ்சும் பிரம்பும் கேன்வாசும் சேர்ந்த, கிரிக்கெட் காப்பைப் போன்ற காலுறை, தோலால் ஆன கால்காப்பு, இரண்டு கையுறை, ஒரு மட்டை. மழையில் நனைந்தால் காலுறையின் கனம் கூடிவிடும். பெனால்டி கார்னரில் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வெளியே வருகிறவரின் வெறும் முகத்தை நோக்கித்தான் பந்து வரும். அந்தத் தலைமுறைக் கோல்கீப்பர்களின் துணிச்சலை இன்றைய ஆட்டத்தைப் பார்த்து அளக்க முடியாது.

பெனால்டி ஸ்ட்ரோக் இன்னொரு கதை. அன்றைய டைபிரேக்கரைத் தீர்மானித்தவை இந்த ஸ்ட்ரோக்குகள்தான். அதுதான் மானுவலின் தனி வித்தை. அடிப்பவர் கோலுக்கு 6.4 மீட்டர் தூரத்தில் நிற்கிறார். பந்தை ஓங்கி அடிக்கக்கூடாது, தள்ளலாம், சுண்டி எழுப்பலாம். அவர் பந்தைத் தொடும்வரை கோல்கீப்பர் கோட்டின் மேல் நின்ற காலை அசைக்கக்கூடாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பந்து சுண்டப்பட்டால் கோலை அடைய அதற்கு 0.3 வினாடிகூட ஆகாது. கண்ணால் கண்டதற்கு உடல் எதிர்வினை செய்யவே சுமார் 0.2 வினாடி போய்விடும். மிஞ்சும் நேரத்துக்குள் மூன்றரை மீட்டர் கோலின் ஒரு மூலைக்குப் பாய்வது நடக்காத காரியம். ஆகவே பந்தைப் பார்த்துத் தடுக்கும் கலை அல்ல இது. அடிப்பவரின் தோள், இடுப்பு, மட்டை பிடித்த கையின் சாய்வு, பந்துக்கு எவ்வளவு நெருங்கிக் கால் வைக்கிறார் என்பதையெல்லாம் முன்கூட்டியே படித்து முடித்திருக்க வேண்டும். உள்ளூர் லீக்கில் ஒரே ஆட்டக்காரரைப் பலமுறை எதிர்கொள்கிறவருக்கு இந்தப் படிப்பு வாய்க்கிறது. பெங்களூரு லீக், சர்வீசஸ், கல்கத்தா என்று மூன்று வேறு வட்டங்களில் சுழன்ற மானுவலுக்கு நாட்டின் சிறந்த அடிப்பாளர்கள் பெரும்பாலோரின் கைப்பழக்கம் தெரிந்திருக்கும். டைபிரேக்கர் என்றால் மானுவல் என்ற பெயர் அவருக்கு வந்ததற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். ரசிகர்கள் அவரைப் ‘புலி’ என்று அழைத்தார்கள்.

1971இல் அவர் இந்திய அணிக்கு வந்தார். அடுத்த ஆண்டு மியூனிக். ஹர்மிக் சிங் தலைமையிலான அந்த அணியில் இரண்டு கோல்கீப்பர்கள்: சார்லஸ் கொர்னீலியஸ், மானுவல் ஃபிரடெரிக். முன்வரிசை ஆட்டக்காரருக்குப் போட்டியாளர் நான்கைந்து பேர் இருந்தாலும் இடமும் நான்கைந்து உண்டு. கோல்கீப்பருக்கு உள்ள இடம் ஒன்றுதான், ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே உட்கார வேண்டும். ஆட்ட எண்ணிக்கையை வைத்து கோல்கீப்பரை எடைபோடுவது தவறு என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

லீக் சுற்றில் இந்தியா எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை. செப்டம்பர் 5 அன்று இஸ்ரேலிய வீரர்கள் மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலால் ஒலிம்பிக் நின்றுபோய், அரையிறுதி தள்ளிப்போனது. பாகிஸ்தானிடம் 0-2 என்று தோல்வி. கிடைத்த பெனால்டி கார்னர்களை இந்தியாவால் கோலாக்க முடியவில்லை. செப்டம்பர் 10 அன்று நெதர்லாந்தை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றோம். அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் கோவிந்தா, முக்பைன் சிங். வரலாற்றில் அவர்கள் பெயர் அழுத்தமாக நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஒரே கோல் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில் கோலுக்குப் போகாமல் நின்ற பந்துகளுக்கு அப்படியொரு பதிவு இல்லை.

1973இல் ஆம்ஸ்டெல்வீனில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஸ்ட்ரோக்கின் கொடுமைக்கு என்றென்றும் சான்று. சுர்ஜித் சிங்கின் இரண்டு கோல்களால் இந்தியா தொடக்கத்திலேயே 2-0 என்று முன்னிலை பெற்றது. நெதர்லாந்து எட்டிப் பிடித்தது. முதல் கோலே வெற்றி என்ற கூடுதல் நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோவிந்தா சுண்டிய பந்தை டச்சுக் கோல்கீப்பர் மார்ட்டன் சிக்கிங் தடுத்துவிட்டார். பின்னர் டைபிரேக்கரில் 2-4 என்று கோப்பை போனது. நம் நாட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கோவிந்தா தவறவிட்டார் என்றே சொல்கிறார்கள். சிக்கிங் தடுத்தார் என்று சொல்பவர் குறைவு. உலகக் கோப்பையைத் தன் நாட்டுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு தடுப்பைக்கூட நாம் இன்னொருவரின் பிழையாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அந்த வெள்ளி வென்ற அணியில் மானுவலும் இருந்தார்.

அதன்பின் இடைவெளி. 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இல்லை. 1978இல் புவனோஸ் அயர்ஸ் உலகக் கோப்பைக்குத் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸ் தலைமையில் சென்ற அணியில் மானுவல் திரும்ப இடம்பெற்றார். இந்தியா ஆறாவது இடம். 1976 மான்ட்ரியலிலேயே ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறிவிட்டது. புல்தரையில் பயின்ற தலைமுறையின் காலம் அத்தோடு முடிந்தது.

ஆட்டத்துக்குப் பின் அவர் பெங்களூருவிலேயே தங்கிவிட்டார். இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வசதியான வாழ்க்கை அல்ல. நெடுநாள் கோரிக்கைக்குப் பின் கேரள அரசு கண்ணூர் பய்யாம்பலத்தில் ஒரு வீடு கட்டி 2019இல் ஒப்படைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்திடம் தியான் சந்த் விருது பெற்றார். மியூனிக்குக்கும் அந்த மேடைக்கும் இடையே 47 ஆண்டுகள். மியூனிக் அணியின் மைக்கேல் கிண்டோ, கணேஷ், அசோக் குமார், கோவிந்தா ஆகியோருக்கு 1970களிலேயே அர்ஜுனா விருது கிடைத்திருந்தது. அவர்கள் எல்லோரும் தகுதியானவர்கள். கோல்கீப்பரின் தகுதியை எடுத்துச் சொல்ல ஓர் எண்ணோ ஏடோ தேர்வுக் குழுவின் கையில் இல்லை என்பதையும் இந்தத் தாமதத்தின் காரணங்களில் ஒன்றாக வைக்க வேண்டும்.

இது மானுவலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ரங்கநாதன் ஃபிரான்சிஸ் 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் பெற்ற கோல்கீப்பர், சென்னைக் காவல்துறையின் ஆட்டக்காரர், 1975இல் மறைந்தார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்த ஒரு தமிழரின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1956 மெல்போர்னில் இந்தியா 38 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காமல் வென்றது. 38 என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறோம், பக்கத்தில் இருக்கும் பூஜ்யத்துக்கு உரியவர்கள் ஃபிரான்சிசும் சங்கர் லட்சுமணும். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்கு லட்சுமண்தான் தலைவர். மவ் ஊரில் காலில் அழுகல் நோய் வந்து, வறுமையில், 2006இல் இறந்தார்.

அந்த 1966 தங்கத்துக்குப் பின் இந்திய ஹாக்கி அடுத்த ஆசியத் தங்கத்துக்கு 32 ஆண்டுகள் காத்திருந்தது. 1998இல் அதே பாங்காக்கில் தென்கொரியாவுடன் நடந்த இறுதி டைபிரேக்கருக்குப் போனது. இரண்டு ஸ்ட்ரோக்குகளைத் தடுத்து அதை முடித்து வைத்தவர் இன்னொரு பெங்களூருக்காரர், ஆஷிஷ் பல்லால். ஊர் திரும்பிய சில நாட்களில் ஹாக்கிக் கூட்டமைப்பு, அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட பல மூத்த வீரர்களை அணியிலிருந்து நீக்கியது. பல்லாலும் நீக்கப்பட்டவர்களில் ஒருவர். தங்கம் வென்ற கோல்கீப்பருக்கு இது நடந்திருக்கிறது.

நிலை மாறியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பி.ஆர். ஸ்ரீஜேஷ் எறணாகுளம் மாவட்டத்துக்காரர். பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில் நடந்த தேசிய முகாம்களில் ஆண்டுக்கணக்காகப் பயின்றவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்றிருந்தபோது கடைசி நொடிப் பெனால்டி கார்னரை அவர் தடுத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 49 ஆண்டுகளுக்குப் பின் கேரளத்துக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் என்று எழுதியபோதுதான் பலருக்கு மானுவலின் பெயர் தெரியவந்தது. அப்போது மருத்துவத் தொழிலதிபர் ஷம்ஷீர் வயலில் ஸ்ரீஜேஷுக்கு ஒரு கோடியும் மானுவலுக்கு 10 லட்சமும் அறிவித்தார். பாரிஸில் இரண்டாவது வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றபோது, அவர் அணிந்த 16ஆம் எண் சட்டையை ஹாக்கி இந்தியா சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தது. ஸ்ரீஜேஷின் தடுப்புகளைக் கேமராக்கள் காத்துவைத்திருக்கின்றன. கேமரா இல்லாத காலத்துக் கோல்கீப்பர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. 1960, 70களில் பெங்களூரு நாளிதழ்கள் உள்ளூர் லீக் ஆட்டங்களை விரிவாக எழுதின. டைபிரேக்கரில் யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது, கோல்கீப்பர் எப்படித் தடுத்தார் என்பதை நிருபர்கள் ஒரு வரியிலாவது குறித்திருப்பார்கள். ஏ.எஸ்.சி.யிலும் எச்.ஏ.எல்.லிலும் பழைய விளையாட்டுப் பிரிவு ஏடுகள் கிடக்கலாம். கல்கத்தாவிலும் லக்னோவிலும் இதே போல் தேட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அவருக்கு எதிரே நின்று ஸ்ட்ரோக் எடுத்தவர்கள். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பதிவு செய்தால் அந்த 16 என்ற எண்ணுக்குப் பின்னால் ஊரும் ஆண்டும் எதிரணியும் வந்து சேரும், ஃபிரான்சிசுக்கும் சென்னையில் இதையே செய்யலாம். ஹாக்கி கர்நாடகா அமைப்பும், விளையாட்டு வரலாற்றில் ஆய்வு செய்ய விரும்பும் பல்கலைக்கழக மாணவர்களும் இந்த வேலையை இந்த ஆண்டே கையில் எடுக்க வேண்டும். மானுவலிடமே கேட்டு எழுதியிருக்க வேண்டிய வாய்ப்பு 2025 அக்டோபரோடு போய்விட்டது.